பழைய பிரசங்கிமாரிடம் கற்றுக்கொள்வது எப்படி? ஸ்பர்ஜனின் ஒரு பிரசங்கத்தை வைத்து முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளி அறையில் ஐந்தாறு பேர் உட்காருவோம். வாலிபர் கூட்டத்தில் செய்தி கொடுக்கிறவர்கள், வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்கள், போதகர் ஊரில் இல்லாத ஞாயிறுகளில் பிரசங்க பீடத்தில் ஏறவேண்டியவர்கள். பழைய பிரசங்கிமாரை வாசித்துப் பழகவேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனாலும் பலர் இரண்டாம் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். விடாமல் வாசிக்கிறவர்களிலும் சிலர் அந்தப் பிரசங்கியாரின் வார்த்தைகளை ஒப்பிக்கிறவர்களாக ஆகிவிடுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே காரணத்தைத்தான் நான் பார்த்தேன்: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தவறிவிடுகிறது.

இங்கே எழுதியிருப்பது நாங்கள் தடுமாறித் தடுமாறித் திருத்திக்கொண்ட வரிசை. எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு பிரசங்கத்தைக் கடைசிவரை கையில் வைத்திருப்போம். ஆங்கிலேயப் பாப்டிஸ்ட் பிரசங்கியாரான சார்லஸ் ஸ்பர்ஜன் 1855 ஜனவரி 7, ஞாயிறு காலை, லண்டன் நியூ பார்க் ஸ்ட்ரீட் ஆலயத்தில் மல்கியா 3:6-ஐ வைத்துச் செய்த பிரசங்கம் அது. அவருடைய அச்சுப் பிரசங்க வரிசையில் எண் 1. அன்று அவருக்கு வயது 20. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

1. உட்காருவதற்கு முன் கையில் இருக்கவேண்டியவை

பிரசங்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். போனில் வாசித்தால் விரல் தள்ளிக்கொண்டே போகும். கோடு போட முடியாது, ஓரத்தில் எழுத முடியாது. இந்தப் பயிற்சியில் பாதி வேலை ஓரத்தில் எழுதுவதுதான்.

ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு, இரண்டு நிறப் பேனா. தமிழ் வேதாகமம் இரண்டு: நாம் ஆலயத்தில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, இன்றைய தமிழில் உள்ளது ஒன்று. ஒரு பிரசங்கத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம். "ஒரே நாளில் முடித்துவிடுகிறேன்" என்று தொடங்குகிறவர்கள் வாசிப்பை முடிக்கிறார்கள், ஆனால் வேலையை முடிப்பதில்லை.

ஆங்கிலம் பற்றிய பயத்தை இங்கேயே தீர்த்துக்கொள்வோம். ஸ்பர்ஜனுடைய ஆங்கிலம் நினைப்பதுபோல் அத்தனை கடினமல்ல. சாதாரண ஜனங்களுக்குப் பேசினவர். சிக்கல் வருவது அவர் எடுத்துச்சொல்லும் கிங் ஜேம்ஸ் என்ற பழைய ஆங்கில வேதாகம வசனங்களில்தான். அதில் சில சொற்கள் தெரிந்த முகத்தோடு வந்து வேறு அர்த்தம் சொல்லும். 'கான்வர்சேஷன்' என்று இருந்தால் அது பேச்சு அல்ல, நடக்கை. 'ப்ரிவென்ட்' என்பது தடுப்பது அல்ல, முந்திக்கொள்வது. 'லெட்' என்பது சில இடங்களில் அனுமதிப்பதற்கு நேர் எதிரான அர்த்தத்தில், தடை என்று வரும். போனில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலி இந்த இடங்களில் கூசாமல் தவறு செய்யும்.

இதற்கு மருந்து நம்மிடமே இருக்கிறது. வசனம் வரும் இடத்தில் தமிழ் வேதாகமத்தைத் திறந்துவிடுங்கள். பிலிப்பியர் 1:27, 1 தெசலோனிக்கேயர் 4:15, ரோமர் 1:13 ஆகிய மூன்றையும் இன்றே எடுத்துப் பாருங்கள்: "நடந்துகொள்ளுங்கள்", "முந்திக்கொள்வதில்லை", "தடையுண்டாயிற்று" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சரியாகவே வைத்திருக்கிறது. செயலியை உரைநடைக்கு வைத்துக்கொள்ளலாம், வசனத்துக்கு வேண்டாம்.

கடைசியாக ஒன்று: இன்னொரு ஆள். தனியாகச் செய்தால் நம் ஊகங்களைக் கேள்வி கேட்க ஆளிருக்காது. ஒருவர் போதும்.

2. ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், ஒருவரை மட்டும்

புதிதாக வருகிறவர்கள் திங்கட்கிழமை வெஸ்லி, செவ்வாய் ஸ்பர்ஜன், புதன் சாது சுந்தர் சிங் என்று தொடங்குவார்கள். மூன்று பேருடைய நல்ல வாக்கியங்களும் நோட்டில் ஏறும். ஒருவருடைய யோசிக்கும் முறைகூடப் பிடிபடாது. ஒரு பிரசங்கியாரின் பழக்கங்கள் ஐந்தாறு பிரசங்கங்களைத் தாண்டின பிறகுதான் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

யாரை எடுப்பது? மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அச்சிட்டுத் தந்தவை பெரும்பாலும் வாசிப்பதற்காக ஒழுங்கு செய்யப்பட்டவை. உபதேசத்தைப் படிக்க அருமையானவை, மேடையில் பேசக் கற்றுக்கொள்ள முதல் வாசல் அல்ல. அவர் காலத்துப் பிரசங்கியாரான ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டின் பலம் குரலிலும் முகத்திலும் இருந்தது. அச்சில் அது இறங்கவில்லை. ஆதிசபைப் பிரசங்கியாரான கிறிசோஸ்தோம் 387-ல் அந்தியோகியாவில் செய்த பிரசங்கங்கள் இன்றும் சுடும், ஆனால் அவற்றுக்கு அந்த நகரத்தின் நிலவரம் கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பாட்டாலேயே சுவிசேஷம் சொன்னவர். அவரிடம் படிக்க ராகம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். குரலோடு கேட்டுப் படிக்க ஆசையானால் மார்ட்டின் லாயிட் ஜோன்ஸ் இருக்கிறார். லண்டனில் 1955 முதல் 1968 வரை வெள்ளிக்கிழமை இரவுகளில் ரோமர் நிருபத்தை நடத்தினவர்; ஒலிப்பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

தொடங்குகிறவருக்கு நான் ஸ்பர்ஜனைச் சொல்வதற்கு மூன்று காரணம். அவருடைய பிரசங்கங்கள் பேசியபடியே குறிக்கப்பட்டவை. ஒவ்வொன்றின் தலையிலும் எண்ணும் வசனமும், பெரும்பாலும் தேதியும் இருக்கும். அவர் தன் பிரிவுகளை ஒளிக்கமாட்டார், "முதலாவது, இரண்டாவது" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவார். பழகுகிற கைக்கு அது பெரிய உதவி.

3. கையில் உள்ள தாள் எப்படி உண்டானது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தவிர்த்தால் பின்னால் இரண்டு பெரிய தவறுகள் வரும்.

ஸ்பர்ஜன் முழுப் பிரசங்கத்தையும் எழுதி வாசித்தவர் அல்ல. பீடத்துக்கு ஒரு சிறு துண்டுக் காகிதத்தில் தலைப்புகளை மட்டும் எடுத்துப்போவார். அவர் பேசுவதைச் சுருக்கெழுத்தாளர் குறித்துக்கொள்வார். திங்கட்கிழமை அவரே உட்கார்ந்து அதைத் திருத்துவார். வாரக் கடைசிக்குள் ஒரு பென்னி விலையில் விற்பனைக்கு வந்துவிடும். 1892-ல் அவர் இறந்த பிறகும் மீதியிருந்த பிரதிகளை வைத்து 1917 வரை அது நிற்கவில்லை. மொத்தம் 3,500-க்கு மேல், 63 தொகுதிகள்.

ஆகவே நீங்கள் வாசிப்பது பேச்சும் எழுத்தும் கலந்த ஒன்று. அதன் வாக்கியங்கள் மெருகேறியிருப்பதைப் பார்த்து, "இப்படி எழுதிக்கொண்டுபோய் வாசித்தால்தான் பிரசங்கம்" என்று நினைப்பது முதல் தவறு.

இரண்டாவது தவறு இன்னும் ஆபத்தானது. ஞாயிறு காலைப் பிரசங்கத்தின் குறிப்பை அவர் சனிக்கிழமை இரவுதான் எழுதுவார் என்பதைக் கேட்டுவிட்டு, "அவரே சனிக்கிழமைதான்" என்று சனிக்கிழமை வரை வேதாகமத்தைத் திறக்காமலே இருந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். அந்த ஞாயிறு அவனும் கஷ்டப்பட்டான், சபையும் கஷ்டப்பட்டது. ஸ்பர்ஜன் வாரம் முழுக்க வாசிக்கிறவர். அவர் சேர்த்துவைத்த நூல்கள் ஏறக்குறைய 12,000. சனிக்கிழமை இரவு அவர் செய்தது இலை போடுவது மட்டும்தான். சமையல் எப்போதோ முடிந்திருந்தது.

4. வசனம் முதலில், பிரசங்கம் பிறகு

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வீர்களானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் பிரசங்கத்தைத் தொடவே வேண்டாம். மல்கியா 3:6-ஐ நோட்டின் தலையில் எழுதுங்கள்:

"நான் கர்த்தர் நான் மாறாதவர், ஆகையால் யாக்கோபின் புத்திரராகிய நீங்கள் நிர்மூலமாகவில்லை."

பிறகு மல்கியா முழுவதையும் வாசியுங்கள். நான்கே அதிகாரம், இருபது நிமிடம் ஆகாது. வாசித்துவிட்டு மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இதை யார் யாருக்குச் சொல்கிறார்? முந்தின வசனத்துக்கும் பிந்தின வசனத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? என் சபையில் இதைப் பேசினால் நான் எப்படிப் பிரிப்பேன்?

மூன்றாவது கேள்விக்கான பதில் மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதிவிடுங்கள். எழுதியிருந்தால்தான் நாளைக்கு ஸ்பர்ஜன் எங்கே உங்களைத் தாண்டிப் போகிறார் என்று தெரியும். முதலில் அவரை வாசித்துவிட்டால் அந்த வசனத்தை இனி அவர் கண்ணால் மட்டுமே பார்ப்பீர்கள். அதை அழிக்க முடியாது. நானே இரண்டு வருஷம் இப்படித்தான் செய்தேன். ஒருநாள் ஒரு சகோதரி, "ஐயா, ஸ்பர்ஜன் சொன்னது புரிந்தது. அந்த வசனம் உங்களுக்கு என்ன சொன்னது?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அந்த வாரத்தில்தான் இந்த வரிசையை மாற்றினோம்.

பெரேயா பட்டணத்தார் பவுலையே வேதவாக்கியங்களை வைத்துத்தான் ஆராய்ந்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). ஆராய்வதற்கு முதலில் வசனம் கையில் இருக்கவேண்டும்.

5. முதல் வாசிப்பு: உரக்க, நிறுத்தாமல்

இரண்டாம் நாள் முழுப் பிரசங்கத்தையும் வாய்விட்டு வாசியுங்கள். கோடு போடவேண்டாம், அகராதி எடுக்கவேண்டாம். காதுக்காக உண்டான ஒன்றைக் காதால் முதலில் வாங்கவேண்டும் என்பதுதான் காரணம். வாசித்து முடித்ததும் தாளைக் கவிழ்த்துவைத்து, நினைவில் நின்றதை ஐந்து வரியில் தமிழில் எழுதுங்கள். இந்த ஐந்து வரியைப் பத்திரமாக வைத்திருங்கள், ஏழாவது படியில் வேண்டும்.

6. இரண்டாம் வாசிப்பு: எலும்புக்கூட்டை வெளியே எடுங்கள்

மூன்றாம் நாள். இப்போது பேனா. பிரசங்கத்தின் எலும்புக்கூட்டை மட்டும், உங்கள் தமிழில், ஒரு பக்கத்துக்குள் எழுதவேண்டும்.

நம் பிரசங்கத்தில் அது எப்படி வரும் என்று பார்ப்போம். தொடக்கத்தில் அந்நாளில் படித்தவர்கள் எல்லாரும் அறிந்த ஓர் ஆங்கிலக் கவிதை வரியை எடுக்கிறார்: மனிதன் ஆராயத்தக்கது மனிதனையே என்பது அதன் கருத்து. உடனே அதைத் திருப்புகிறார்: தேவனுடைய ஜனம் ஆராயத்தக்கது தேவனையே. அந்த ஆராய்ச்சி மனதைத் தாழ்த்தும், மனதை விரிவாக்கும், ஆறுதலும் தரும் என்று மூன்றாகச் சொல்லிவிட்டு வசனத்துக்குள் நுழைகிறார்.

பிறகு மூன்று பிரிவு. மாறாத தேவன், அதனால் நன்மை பெறுகிறவர்களாகிய "யாக்கோபின் புத்திரர்", அவர்கள் பெறுகிற நன்மையாகிய "நிர்மூலமாகவில்லை". இப்போது மேலே நீங்கள் எழுதிவைத்த தமிழ் வசனத்தைப் பாருங்கள். அவருடைய மூன்று தலைப்பும் அந்த வசனத்துக்குள்ளேயே, அதே வரிசையில் நிற்கின்றன. "நான் மாறாதவர்", "யாக்கோபின் புத்திரராகிய நீங்கள்", "நிர்மூலமாகவில்லை". அவர் வெளியிலிருந்து தலைப்பு கொண்டுவரவில்லை, வசனத்தை அதன் மூட்டுகளில் வெட்டினார். கோழியை மூட்டுப் பார்த்து வெட்டத் தெரிந்தவர் கையில் எலும்பு நொறுங்காது அல்லவா, அப்படி.

நம்மில் பலர் "த" வரிசையில் மூன்று, "வி" வரிசையில் மூன்று என்று தலைப்பைத் தேடி அலைகிறோம்: விசுவாசம், விடாமுயற்சி, விடுதலை. கேட்க நன்றாயிருக்கும், ஆனால் வசனம் அங்கே உடைவதில்லை. மறுநாள் அந்த வசனத்தைத் திறக்கிறவருக்குத் தலைப்பு ஞாபகம் வராது. ஸ்பர்ஜனைக் கேட்டவர் வீட்டுக்குப் போய் மல்கியா 3:6-ஐ வாசித்தாலே போதும், பிரசங்கம் முழுவதும் திரும்பி வரும்.

முதல் பிரிவுக்குள் உட்பிரிவுகள் உண்டு: தேவன் தம் இயல்பில் மாறாதவர், குணலட்சணங்களில், திட்டங்களில், வாக்குத்தத்தங்களில், எச்சரிப்புகளில், தாம் நேசிக்கிறவர்கள் விஷயத்தில் மாறாதவர். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதும்போது ஒரு கேள்வியை ஓரத்தில் போடுங்கள்: "இதை ஏன் இந்த இடத்தில் வைத்தார்?" வாக்குத்தத்தம் மாறாது என்று சொன்ன கையோடு எச்சரிப்பும் மாறாது என்கிறார். ஆறுதலை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போக நினைப்பவர் அங்கே நிற்கவேண்டியிருக்கிறது. பிறகுதான் நேசத்துக்கு வருகிறார். இந்த வரிசையைக் கலைத்து எழுதிப் பாருங்கள். எச்சரிப்பைக் கடைசியில் வைத்தால் முதல் பிரிவே வேறு ஒன்றாகிவிடும்.

இந்தப் படியில் பார்த்த பொதுவான தவறு: நல்ல வாக்கியங்களை மட்டும் பிரதி எடுப்பது. பத்துப் பக்கத்தில் எட்டுப் பக்கத்தைக் கோடு போட்டுத் தந்தவர்களும் உண்டு. எலும்பு ஒரு பக்கத்துக்குள் வரவில்லையென்றால் இன்னும் சதையை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

7. அவர் ஜனங்களிடம் திரும்பும் இடங்களைக் குறியுங்கள்

நான்காம் நாள், இரண்டாவது நிறப் பேனா. அவர் வசனத்தை விளக்குவதை விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் நேராகப் பேசத் தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் கோடு போடுங்கள். "நீ", "என் சகோதரனே", ஒரு கேள்வி, ஓர் அழைப்பு. எண்ணியும் பாருங்கள்.

எங்கள் குழுவில் யாரும் எதிர்பார்க்காதது இதுதான். நாம் 25 நிமிடம் விளக்கிவிட்டுக் கடைசி ஐந்து நிமிடத்தில் "ஆகவே பிரியமானவர்களே" என்று ஆரம்பிக்கிறோம். அவர் ஒவ்வொரு உட்பிரிவிலும் திரும்புகிறார். உபதேசம் சொல்லும்போதே அது யாருடைய தோளில் விழவேண்டுமோ அங்கே இறக்கிவிடுகிறார்.

இப்போது ஐந்தாவது படியில் எழுதிய ஐந்து வரியை எடுங்கள். உங்கள் நினைவில் நின்றவை பெரும்பாலும் அவர் திரும்பின இடங்களாகவே இருக்கும். எங்களுக்கு ஒவ்வொரு முறையும் அப்படித்தான் வந்தது.

8. உவமையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், அது செய்த வேலையைப் பாருங்கள்

பழைய பிரசங்கங்களில் பனிமூட்டம், குளிர்கால நெருப்படுப்பு, குதிரை வண்டி எல்லாம் வரும். 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் அவை ஜன்னலுக்கு வெளியே தெரிந்தவை. சாயல்குடியில் வேலிக்கருவை வெட்டுகிறவரிடம் அதைச் சொன்னால் அவர் மரியாதைக்குத் தலையாட்டுவார்.

ஒவ்வொரு உவமைக்கும் எதிரே ஒரே வரி எழுதுங்கள்: "இது என்ன வேலை செய்தது?" தெரியாததை விளக்கினதா, மறுக்கிறவரை மடக்கினதா, களைத்த காதுக்கு ஓய்வு கொடுத்ததா? வேலை தெரிந்தால் அதே வேலையைச் செய்யும் வேறொன்றை உங்கள் தெருவில் தேடலாம்.

எங்கள் குழுவில் கடற்கரைக் கிராமத்துத் தங்கை ஒருத்தி இருந்தாள். "தேவன் மாறாதவர், மாறுவது நாம்" என்ற இடத்துக்கு அவள் சொன்னது: "எங்க தாத்தா ஜிபிஎஸ் இல்லாத காலத்துல கரையில தெரியிற கோயில் கோபுரத்த அடையாளம் வச்சுத்தான் திரும்புவாரு. படகு ஆடும்போது கோபுரம் ஆடுற மாதிரித் தெரியும். கோபுரத்த நம்பணும், கண்ண நம்பக்கூடாதுன்னு சொல்லுவாரு." அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஸ்பர்ஜன் கையாண்ட எந்த உவமையும் எங்களுக்கு அந்த வேலையைச் செய்திருக்காது. அவரிடம் அந்தத் தங்கை கற்றது, கண்ணைத் திறந்துவைத்திருப்பதை.

9. குறைவுபடும் இடத்தையும் எழுதுங்கள்

நோட்டில் ஒரு பக்கத்தை இதற்கென்றே விடுங்கள். பெரியவர்களைக் குறைசொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் இதைச் செய்யாதவர் அவர்களுடைய பலத்தோடு பலவீனத்தையும் சேர்த்துக் குடித்துவிடுகிறார்.

நம் பிரசங்கத்தையே பாருங்கள். முதல் நாள் நீங்கள் மல்கியா முழுவதையும் வாசித்தீர்கள். 2:17-ல் ஜனங்கள், நியாயந்தீர்க்கிற தேவன் எங்கே என்று கேட்டுச் சலிப்பூட்டுகிறார்கள். 3:5-ல் கர்த்தர் பதில் சொல்கிறார்: பொய்யாணை இடுகிறவர்கள், கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்கள், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்கள் எல்லாருக்கும் விரோதமாய்த் தீவிரமான சாட்சியாயிருப்பேன் என்கிறார். அதற்கு அடுத்ததுதான் "நான் மாறாதவர்". அதற்கும் அடுத்தது, "என்னிடத்திற்குத் திரும்புங்கள்". ஸ்பர்ஜன் இந்தச் சூழலுக்கு அதிக இடம் கொடுக்கவில்லை. வசனத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "யாக்கோபின் புத்திரர்" என்பதை நேரே விசுவாசிகளுக்குப் பொருத்திவிடுகிறார். ஆறுதல் நிறைவாக வருகிறது. கூலியைப் பிடித்துவைத்த முதலாளிக்கான செய்தி பின்னுக்குப் போகிறது. நீங்கள் மல்கியாவைப் பிரசங்கித்தால் அதைச் சேர்த்துச் சொல்லலாம். முதல் நாள் வசனத்தை வாசித்திருக்காவிட்டால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

வாழ்க்கையையும் இப்படியே பார்க்கவேண்டும். எபிரெயர் 13:7 நமக்குத் தேவவசனத்தைப் போதித்தவர்களுடைய "நடக்கையின் முடிவை நன்றாய்ச் சிந்தித்து" என்கிறது. கண்ணை மூடிக்கொண்டு என்று சொல்லவில்லை. அமெரிக்கப் பிரசங்கியாரான ஜொனத்தன் எட்வர்ட்ஸ் அடிமைகளை வைத்திருந்தார். ஒயிட்ஃபீல்ட் ஜார்ஜியாவில் அடிமைமுறையை அனுமதிக்கவேண்டும் என்று வாதாடினார். அதே தலைமுறையில் வாழ்ந்த வெஸ்லி 1774-ல் அடிமை வியாபாரத்துக்கு எதிராக நூலே எழுதினார். ஆகவே "அந்தக் காலம் அப்படி" என்ற சமாதானம் நிற்காது. இதைத் தெரிந்துகொண்டே அவர்களை வாசிக்கிறேன். வாசிக்கும்போதெல்லாம், என் காலத்தில் எல்லாரும் செய்வதால் எனக்குக் கண் தெரியாமல் போனது எது, நம் கல்லறைத் தோட்டத்திலும் கலியாணப் பேச்சிலும் இன்னும் உட்கார்ந்திருக்கிற சாதியா என்று கேட்டுக்கொள்கிறேன்.

தேதியையும் விடாதீர்கள். 1856 அக்டோபர் 19-ல் ஸ்பர்ஜன் பேசிக்கொண்டிருந்த சர்ரே கார்டன்ஸ் இசை மண்டபத்தில் யாரோ பொய்யாக "தீ" என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அவருக்கு வயது 22. மனச்சோர்வு அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. மாணவர்களிடம் அதை அவர் மறைக்கவும் இல்லை. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள பிரசங்கங்களை அடுத்தடுத்து வாசித்தால், ஆறுதல் என்ற சொல் அவர் வாயில் எந்த எடையோடு வருகிறது என்று கேட்கும்.

10. மேற்கோளைச் சரிபாருங்கள்

வாட்ஸ்அப்பில் சூரிய உதயப் படத்தோடு வருகிற பொன்மொழியை அப்படியே பீடத்தில் சொல்லாதீர்கள். "எப்போதும் சுவிசேஷம் அறிவி, தேவைப்பட்டால் வார்த்தையைப் பயன்படுத்து" என்பதை அசிசியின் பிரான்சிஸ் தலையில் கட்டுகிறார்கள். அவருடைய எழுத்தில் அது இல்லை. "உன்னால் முடிந்த எல்லா நன்மையையும் செய்" என்று தொடங்கும் வரிகள் வெஸ்லியுடையதென்று சுற்றுகின்றன. அதுவும் அவர் எழுத்தில் கிடைக்கவில்லை.

எங்கள் விதி எளிது. பிரசங்க எண், தேதி, வசனம் மூன்றில் ஒன்றாவது இல்லாத மேற்கோளுக்குப் பீடத்தில் இடமில்லை. இருந்தால் அந்தப் பிரசங்கத்தைத் திறந்து, முன்னும் பின்னும் ஒரு பத்தி வாசித்துவிட்டுத்தான் சொல்லவேண்டும்.

11. தாளை மூடிவிட்டு, உங்கள் வாயால்

ஐந்தாம் நாள் புதிதாகப் பத்து நிமிடச் செய்தி ஒன்றை, அதே வசனத்தில், எழுதவேண்டும். ஸ்பர்ஜனின் தாளை வேறு அறையில் வையுங்கள். கையில் வேதாகமமும் முதல் நாள் எழுதிய உங்கள் குறிப்பும் மட்டும். தாள் பக்கத்தில் இருந்தால் கண் அங்கே போகும். சிரமப்பட்டுத் தேடவேண்டிய சொல்லை அவரிடம் கடன் வாங்கிவிடுவீர்கள்.

பத்து நிமிடம் என்று வைப்பதற்குக் காரணம் உண்டு. அவருடைய பிரசங்கம் வாசிக்கவே முக்கால் மணி நேரம் பிடிக்கும். அந்த நீளத்தைத் தாங்கும் சரக்கு நம்மிடம் சேர நாளாகும். நீளத்தை முதலில் பிடித்தால் அதை நிரப்பக் கதை சொல்லத்தான் போவோம்.

அவருடைய ஒரு கருத்து உங்கள் செய்தியில் தவிர்க்க முடியாமல் வந்தால் பெயரைச் சொல்லிவிடுங்கள். "ஸ்பர்ஜன் இந்த வசனத்தை இப்படிப் பிரிக்கிறார்" என்றால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப்போவதில்லை. சொல்லாமல் எடுப்பது திருட்டு. பீடத்தில் நின்று செய்வதால் அது சின்னதாகிவிடாது.

குரலையும் எடுக்காதீர்கள். ஒலிப்பதிவு கேட்டுப் படிக்கிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். மூன்று மாதம் ஒருவரையே கேட்டால் இழுப்பும் நிறுத்தமும் தானாக ஒட்டிக்கொள்ளும். உங்கள் செய்தியைப் போனில் பதிவுசெய்து உங்கள் வீட்டாரிடம் கொடுத்து, "இது நான் பேசுவதுபோல் இருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

12. அடுத்தது எதை எடுப்பது

இரண்டு வாரத்துக்கு ஒரு பிரசங்கம் என்ற கணக்கில் ஸ்பர்ஜனிலேயே ஆறு செய்யுங்கள். ஏழாவதாக வேறு நூற்றாண்டுக்குப் போங்கள். அப்போதுதான் ஸ்பர்ஜனிடம் எது அவருடைய சொந்தப் பழக்கம், எது எல்லா நல்ல பிரசங்கியாருக்கும் பொது என்று பிரியும்.

இரண்டாவதாக எடுக்க நான் சொல்வது எண் 60. 1856 ஜனவரி 6-ல் ஏசாயா 45:22-ஐ வைத்துப் பேசினது. சரியாக ஆறு வருஷத்துக்கு முன், 1850 ஜனவரி 6-ல், கோல்செஸ்டர் ஊரில் ஒரு சிறிய மெதடிஸ்ட் ஆலயத்தில் இதே வசனத்தைக் கேட்டுத்தான் அந்தப் பதினைந்து வயதுப் பையன் கிறிஸ்துவிடம் வந்தான். சொந்தச் சாட்சியை ஒரு பிரசங்கத்தில் எந்த இடத்தில், எவ்வளவு நேரம் சொல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. சாட்சி வரும் இடத்தை எடுத்ததும் தேடிப் போகாதீர்கள். உரக்க வாசித்துக்கொண்டே போகும்போது அதுவாக வரட்டும்.

இன்று இரவே நோட்டில் புதுப் பக்கம் திருப்பி வசனத்தை எழுதிவையுங்கள்: "பூமியின் எல்லையெங்குமுள்ளவர்களே, என்னை நோக்கிப்பாருங்கள், அப்பொழுது இரட்சிக்கப்படுவீர்கள்." ஏசாயா 45-ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்து, மூன்று கேள்விக்கும் பதில் எழுதுங்கள். பிரசங்கத்தை நாளைக்கு அச்செடுத்தால் போதும்.